பார்க்காதவர்கள் கை தூக்கக் கூடாது

மிளகாய் என்று அவளுக்குப் பட்டம் கட்டியது வகுப்புத் தோழன் நெட்டை. வாயைத் திறந்தால் எரியும் என்பதற்காக. அவளுக்கு அதில் வருத்தமில்லை. அவள் வீட்டில் அவளுக்கு முன்னால் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. எந்தக் கதவைத் தட்டிவிட்டுப் போக வேண்டும், எதைத் தட்டாமல் திறக்கலாம் என்று சொல்லித் தர ஆளில்லை. அதனால் எல்லாக் கதவையும் தட்டாமலே திறந்தாள்.

அப்படித்தான் முதல்வர் அறைக்குள்ளும் போனாள். அறிவிப்புப் பலகையிலிருந்து பிய்த்த தாள் கையில் இருந்தது.

"இது என்ன சார்?"

"நோட்டீஸ். படிக்கிறதுக்கு ஒட்டினது, கிழிக்கிறதுக்கு இல்ல."

"நிலவியல் துறைய மூடப்போறதா போட்டிருக்கு."

"இன்னும் மூடல. வியாழக்கிழமை ஆட்சிக்குழு கூடி முடிவு பண்ணும். உங்க வகுப்புல எத்தன பேர்மா?"

"ஏழு பேர்."

"ஒரு வேன்ல அடங்கிடுவீங்க. அதுக்கு ஒரு துறை, ஒரு லேப், ஒரு பேராசிரியையா?"

"மேடம் என்ன ஆவாங்க?"

"துறை இருந்தாதான் அவங்களுக்கு வேலை. இல்லன்னா இந்த வருஷத்தோட சரி. உங்கள வணிகப் பகுப்பாய்வுல சேத்துக்குவோம். நல்ல படிப்பு. வெளிய விலை போகும்."

"விலை போறதுக்கு நாங்க என்ன ஆடா மாடா சார்?"

முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டவரில்லை. காலியான பெஞ்சைக் கண்டால் தூக்கம் வராத மனிதர், அவ்வளவுதான். அது அவளுக்குத் தெரியும். தெரிந்ததால் கோபம் இன்னும் கூடியது. கெட்டவனாக இருந்தால் நன்றாகத் திட்டியாவது தீர்த்திருக்கலாம்.

*

உண்மையைச் சொன்னால், மிளகாய் நிலவியலை ஆசைப்பட்டு எடுக்கவில்லை. மற்ற எதிலும் இடம் இல்லை. சேர்ந்த அன்று அவள் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மாவுக்குக் கல் உடைக்கும் ஆலையில் வேலை. பாறைத் துண்டுகளை இயந்திரத்தின் வாய்க்குள் தள்ளுவாள். மறுபுறம் ஜல்லியாகக் கொட்டும். "கல்லப் பத்தியாடி படிக்கப் போற? அதுக்கு எதுக்குக் காலேஜு? எங்கூட வா, நாள் பூரா படிக்கலாம்" என்றாள். வீட்டில் எதை எடுத்தாலும் அதன்மேல் மெல்லிய சாம்பல் தூசி இருக்கும். மிளகாய் அந்தத் தூசியை வெறுத்தே வளர்ந்தவள்.

சேர்ந்த பிறகு ஒரு நாள், சோதனைக்கூடத்தில் லென்ஸ் மேடம் அவளை மைக்ரோஸ்கோப்பின் முன் உட்கார வைத்தார். எப்போதும் கழுத்தில் ஒரு சின்ன லென்ஸ் தொங்குவதால் அவருக்கு அந்தப் பெயர். மனிதர்களோடு பேச வராது. பாடம் நடத்தும்போதுகூட மாணவர்களைப் பார்க்காமல் மேசை மேலிருக்கும் கல்லைப் பார்த்துத்தான் பேசுவார். அன்று எதுவும் சொல்லாமல், கண்ணாடித் துண்டில் ஒட்டிய ஒரு கல் சீவலை வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். மிளகாய் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அடுத்த வகுப்பு முடிந்திருந்தது. சாப்பாட்டு நேரம் போயிருந்தது. நெட்டை அவள் பையை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். "என்ன, கல்லா சமைஞ்சிட்டியா?" என்றான்.  மிளகாயின் வாய் அடைபட்டது அன்றைக்குத்தான்.

அந்தப் படிப்பைத்தான் இப்போது விலை போகாத சரக்கு என்கிறார்கள்.

*

ஆதரவு திரட்டக் கிளம்பினார்கள். ஏழு பேர், ஒரு பதாகை, நெட்டையின் தொண்டை. நடு முற்றத்தில் நின்று கத்தினார்கள். பதாகையின் வாசகத்தை நெட்டைதான் எழுதியிருந்தான்: "கோடி ஆண்டுகளின் கதையை ஒரே நாளில் மூடாதே!"

மாடியிலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான்: "கோடி வருஷம் பொறுத்தாச்சுல்ல? இன்னும் ரெண்டு கோடி பொறுங்க, அடுத்த அட்மிஷன்ல பாத்துக்கலாம்!"

முற்றமே சிரித்தது. பலர் போனில் படம் பிடித்தார்கள். மிளகாய் வகுப்பு வகுப்பாக ஏறி இறங்கினாள். வணிகவியலில் "கல்லுக்கு நாங்க கையெழுத்துப் போட்டா, எங்களுக்குக் கல்லு கையெழுத்துப் போடுமா?" என்றார்கள். இயற்பியலில் பரிவோடு தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். அத்தனை பேச்சும் கிணற்றில் போட்ட கல்லாக இருந்தது.

மேடமும் உதவவில்லை. "நீங்க வந்து நாலு வார்த்தை பேசுங்க மேடம்" என்று கெஞ்சியதற்கு, "நான் பேசினா இருக்கிற ஏழு பேரும் ஓடிடுவீங்க" என்று சொல்லிவிட்டு, தேய்த்துக்கொண்டிருந்த கல்லுக்குத் திரும்பிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மதியம், தொண்டை கட்டிப்போய் மிளகாயும் நெட்டையும் முன்வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே ஒற்றைக் கல்லில் வெட்டிய அகலமான ஒரு படி உண்டு. கல்லூரிக்குள் வரும் எல்லாரும் அதை மிதித்துத்தான் ஏறுவார்கள். அதன் முகப்பில் கல்லூரியைக் கட்டிய பெரியவரின் பெயரைச் செதுக்கியிருந்தார்கள். வாட்ச்மேன் அண்ணன் அதன் ஓரத்தில்தான் எப்போதும் உட்காருவார்.

"நீங்க கத்துறதெல்லாம் சரி பாப்பா. கல்லுல அப்படி என்னதான் தெரியுது?"

"சொன்னா புரியாதுண்ணே. பாக்கணும். லேபுக்கு வாங்க, நல்லதா ஒண்ணு காட்டறேன்."

"எங்கயோ கிடக்கிற கல்லு எனக்கு எதுக்கு? வேலைக்குச் சேந்த நாள்லேருந்து இந்தப் படியிலதான் உக்காந்திருக்கேன். இதுக்குள்ள என்ன இருக்குன்னு சொல்லு, கேட்டுக்கறேன்."

மிளகாய் குனிந்து பார்த்தாள். வெயிலும் மழையும் ஆயிரம் பேரின் செருப்பும் பட்டு, படியின் மேற்பரப்பு செத்துப்போய்க் கிடந்தது. அதில் எதுவும் தெரியாது. கல்லின் உள்முகத்தைப் பார்க்க வேண்டும். அதன் பிறகு அவள் செய்தது நிலவியல் மாணவர்களைத் தவிர உலகில் வேறு யாரும் செய்யத் துணியாத ஒரு தவறு. மற்றவர்களுக்கு அது நிறுவனர் பெயர் பொறித்த கல். அவளுக்கு அது உள்முகம் தெரியாத ஒரு பாறை. பையிலிருந்த சுத்தியலை எடுத்தாள். எழுத்தில்லாத கீழ் மூலையாகப் பார்த்து ஒரே போடு போட்டாள்.

மூலை தெறித்து விழுந்தது.

"அடிப்பாவி!" வாட்ச்மேன் அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார். "பெரியவர் பேரு போட்ட கல்லு!"

அப்போதுதான் அவளுக்கே உறைத்தது.

*

முதல்வர் ஓடி வந்தார். மேடத்தையும் வரச் சொன்னார். மேடம் வந்து, உடைந்த மூலையைப் பார்த்து, அப்படியே முழங்காலிட்டு உட்கார்ந்து லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

"மேடம், நான் உங்களுக்குச் சேதத்தைக் காட்டறேன்."

"ஆமா சார். ரொம்ப நல்ல சேதம்." லென்ஸை எடுக்கவே இல்லை. "உள்ள கார்னெட் மணி இருக்கு, செம்மணிக் கல்லு. இத்தன வருஷமா இது மேல ஏறிப் போயிருக்கேன், ஒரு நாளும் குனிஞ்சு பாக்கல. வெக்கமா இருக்கு சார்."

"இதை உங்க மாணவி உடைச்சிருக்கா."

"தெரியுது. ஒரே அடியில சுத்தமா வந்திருக்கு. சுத்தியலை எப்படிப் பிடிக்கணும்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

முதல்வர் அதையே எழுதி வாங்கிக்கொண்டார். நிறுவனரின் பெயர்க்கல்லைச் சேதப்படுத்த மாணவர்களுக்குப் பயிற்சி அளித்த பேராசிரியை என்று குற்றச்சாட்டு தயாரானது. ஆட்சிக்குழுவின் தலைவி நிறுவனரின் சொந்த மகள். வியாழக்கிழமை அவரே வந்து உடைப்பைப் பார்வையிடுவார் என்றார்கள். மிளகாயின் அம்மாவையும் வரச்சொல்லிப் போன் போனது. வருடக் கடைசி வரை இருந்திருக்க வேண்டிய மேடத்தின் வேலை இப்போது அந்த வாரத்தையே தாண்டுமா என்று ஆகிவிட்டது.

"ஏன் மேடம் எழுதிக் குடுத்தீங்க? எனக்குத் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுதே!"

"தெரியுமே" என்றார் மேடம். பிறகு தெறித்த துண்டை அவள் உள்ளங்கையில் வைத்தார். "உடைச்சது உடைச்சிட்ட. வீணாக்காத."

*

புதன்கிழமை துண்டை இரண்டாக அறுத்தார்கள். ஒரு பக்கத்தை வழவழப்பாக்கிக் கண்ணாடித் துண்டில் ஒட்ட வேண்டும். மறுபக்கத்தைச் சொரசொரப்பான தூளும் தண்ணீரும் போட்ட கண்ணாடிப் பலகையில் வைத்துத் தேய்க்க வேண்டும். தலைமுடியைவிட மெல்லியதாகி, வெளிச்சம் ஊடுருவும்வரை தேய்க்க வேண்டும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இந்தத் துறையில் எறும்பு வேலைதான் பாடத்திட்டமே.

மிளகாய் தேய்த்தாள். மனதில் முதல்வரின் மூக்குக் கண்ணாடி இருந்தது. மாடியிலிருந்து கிண்டலடித்தவன் இருந்தான். கதவைச் சாத்தியவர்கள் இருந்தார்கள். ஒவ்வொருவரையும் வரிசையாகப் பலகையில் வைத்துத் தேய்த்தாள். எடுத்துத் தூக்கிப் பார்த்தபோது கண்ணாடி மட்டும் இருந்தது. கல் முழுதாகக் கரைந்து சேற்றோடு போயிருந்தது.

"போச்சா?" என்றான் நெட்டை.

"போச்சு."

"நான் தேய்க்கட்டுமா?"

"கையக் கிட்ட கொண்டுவந்த, உன்னையும் தேய்ச்சிடுவேன்."

இரண்டாவது துண்டை எடுத்தாள். இந்த முறை யாரையும் நினைக்காமல் கையை மட்டும் கவனித்தாள். நாலு சுற்றுக்கு ஒரு முறை கழுவி மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். கல்லிலிருக்கும் குவார்ட்ஸ் என்ற படிகம் மஞ்சளாகத் தெரிந்தால் இன்னும் தடிமன் என்று பொருள், சாம்பல் வெள்ளையானால் நிறுத்திவிட வேண்டும். மஞ்சள் வெளிறியது. இன்னும் வெளிறியது. கை தானாக நின்றது. சாயங்கால வெயில் சன்னலில் இருக்கும்போதே வேலை முடிந்தது.

*

வியாழக்கிழமை காலை, உடைந்த படிக்குப் பக்கத்தில் ஒரு மேசையைப் போட்டார்கள். மேலே பழைய மைக்ரோஸ்கோப். மின்சாரம் தேவையில்லாதது. அடியிலுள்ள கண்ணாடி வெயிலைப் பிடித்து மேலே அனுப்பும். பதாகை, கோஷம், எதுவும் வைக்கவில்லை. கேள்வி கேட்டவர் வாட்ச்மேன் அண்ணன். முதலில் அவர்தான் பார்க்க வேண்டும் என்றாள் மிளகாய்.

அவர் படிமேல் நின்றபடியே தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார்.

"வெளுப்பா ஏதோ கண்ணாடிச் சில்லு மாதிரி இருக்கு. அவ்வளவுதானா?"

"இருங்க." அவள் ஒளியை வடிக்கும் இரண்டாவது கண்ணாடியை உள்ளே தள்ளினாள். வெளுத்த சில்லுகள் நிறம் நிறமாகப் பற்றிக்கொண்டன.

அவர் மூச்சை இழுத்தது படிக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது.

"கல்லு வச்ச தட்டை மெதுவா சுத்தறேன். பாத்துட்டே இருங்க."

நீலம் அணைந்தது. அது இருந்த இடத்தில் ரோஜா நிறம் எழுந்தது. வரிவரியாகக் கறுப்பும் வெள்ளையும் போட்ட ஒரு துண்டில், கறுப்பு வெள்ளையானது, வெள்ளை கறுப்பானது. எலுமிச்சை மஞ்சளில் ஒரு கீற்று மினுங்கி மறைந்தது. நடுவில் ஓர் உருண்டை மட்டும் எப்படித் திருப்பினாலும் இருளாகவே இருந்தது. அதைச் சுற்றிப் பொடிப்பொடியாக ஒளி வளையம் கட்டியிருந்தது.

வாட்ச்மேன் அண்ணன் நிமிர்ந்தார். படியைப் பார்த்தார். தன் பூட்ஸைப் பார்த்தார். படியிலிருந்து இறங்கி மண்ணில் நின்றுகொண்டார்.

அந்தச் செய்கைதான் வேலையைச் செய்தது. வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். "என்னண்ணே, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" "போய்ப் பாருடா, அப்புறம் பேசு." ஒருவன் பார்த்தான். அவன் தோழியை இழுத்து வந்தான். பார்த்தவர்கள் யாரும் அடுத்தவரிடம் என்ன தெரிந்தது என்று சொல்லவில்லை. சொல்ல வாய் வராமல் கையைப் பிடித்து இழுத்து வரிசையில் நிறுத்தினார்கள். வரிசை முற்றத்தைச் சுற்றி வளைந்தது. மாடியிலிருந்து கிண்டலடித்தவனும் அதில் நின்றான். கண்ணை எடுத்த பிறகு வெகுநேரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மா வேலை உடுப்போடு நேராக வந்திருந்தாள், புருவத்தில் தூசியோடு. முதல்வர் அவளை வாசலிலேயே பிடித்தார்.

"நீங்கதான் அம்மாவா? உங்க பொண்ணு கல்லை உடைச்சிட்டா."

"கல்லு உடைக்கிறது எங்க குடும்பத் தொழில் சார்" என்றாள் அம்மா. "வேற ஏதாவது தப்பு பண்ணாளா?"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரித்தது யாரென்று முதல்வர் திரும்பிப் பார்த்தார். நெட்டை அந்த இடைவெளியில் அம்மாவைக் கூட்டிப்போய் மேசை முன் நிறுத்தினான். "ஒரு கண்ண இறுக்கி மூடாதீங்கம்மா. ரெண்டும் தொறந்தே இருக்கட்டும்."

அம்மா குனிந்தாள்.

அவள் நிமிரவேயில்லை. மிளகாய் தட்டைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். அம்மாவின் முதுகு அசையவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. அப்போது காரிலிருந்து இறங்கிய ஒரு வயதான அம்மையார் கைத்தடியை ஊன்றி நேராகப் படிக்கு வந்தார். உடைந்த மூலையைப் பார்த்து முகம் இறுகியது. தலைவி.

"யாரு பண்ணது?"

"நான்தான்" என்றாள் மிளகாய்.  "தப்புதான். உங்களக் கேட்டிருக்கணும். பேரு போட்ட கல்லுன்னு அந்த நேரம் தோணல, உள்ள என்ன இருக்குன்னு மட்டும்தான் தோணுச்சு. மேடம் பண்ணச் சொல்லல."

"அப்படி என்ன இருக்கு உள்ள? தள்ளுங்க, பாப்போம்."

"பொறுங்கம்மா" என்றாள் அம்மா, யாரென்று திரும்பிப் பார்க்காமலே. "நான் இன்னும் பாத்து முடிக்கல."

முதல்வர் பதறி முன்னால் வந்தார். தலைவி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். கைத்தடியில் சாய்ந்தபடி அம்மாவுக்குப் பின்னால் நின்றார்.

ஒருவழியாக அம்மா நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்ததா, தூசியா, தெரியவில்லை. "எத்தன லாரி உடைச்சிருப்பேன்" என்றாள் மகளிடம், மிக மெதுவாக. "எல்லாத்துக்குள்ளயும் இப்படியா இருந்துச்சு?"

"எல்லாத்துக்குள்ளயும்மா."

அம்மா ஒதுங்கி நின்று தலைவிக்கு வழிவிட்டாள். "அவசரப்படாதீங்க. கண்ணு பழகணும்."

தலைவி குனிந்தார். 

"நடுவுல இருட்டா இருக்கே, அது என்ன?"

"கார்னெட். அது சும்மா உருவாகாதும்மா. தலைக்கு மேல பாரம் இருக்கணும். ஒரு முழு மலையோட பாரம்."

"இங்க ஏது மலை?"

"இருந்துச்சு. மழையும் காத்தும் கொஞ்சம் கொஞ்சமா தின்னு தீத்துடுச்சு. நாம தினமும் மிதிச்சு ஏறுறது அந்த மலையோட அடிவயிறு."

தலைவி கைத்தடியை மேசைமேல் சாய்த்து வைத்தார். பிறகு கண்ணை எடுக்காமலே சொன்னார்: "இந்தக் கல்லு பின்னாடி குட்டை இருக்கே, அங்க வெட்டினது. இந்தத் தூண், இந்தச் சுவர், எல்லாம் அதே குழியிலதான் எங்கப்பா எடுத்தாரு. சின்னதுல நான் அந்தக் குழியில விளையாடியிருக்கேன்."

எல்லாருடைய தலையும் ஒன்றாக மேலே நிமிர்ந்தது. சாம்பல் தூண்கள், மூன்று மாடிச் சுவர், வளைவுகள். தினமும் முதுகைச் சாய்த்த இடங்கள், பேனாவால் பெயர் கிறுக்கிய இடங்கள். அவற்றுக்குள் அத்தனை நிறமும் மூடிக் கிடந்தது. வரிசையில் நின்ற ஒரு பெண் பக்கத்துத் தூணைத் தொட்டுவிட்டு, சுட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டாள். மிளகாய்க்கே மயிர் கூச்செறிந்தது. அது அவளுக்கும் இதுவரை தெரியாது.

ஆட்சிக்குழுவினர் கூட்ட அறையில் காத்திருந்து அலுத்து ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். தலைவி அவர்களை மேலே அனுப்பவில்லை.

"இங்கயே பேசிடலாம். முதல்வரே, துறை விஷயத்தைப் படிங்க. ஓட்டெடுப்போம். ஆனா பாக்காதவங்க கை தூக்கக் கூடாது."

கோட்டுப் போட்டவர்கள் மாணவர்களோடு வரிசையில் நின்று பார்த்தார்கள். கடைசியாக முதல்வரும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். ஒருவர் பார்த்த பிறகும் மூடத்தான் வேண்டும் என்று கை தூக்கினார். "அழகுதான். அழக வச்சு வகுப்பறை நிரம்பாதே" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. அவரோடு இன்னும் இரண்டு கைகள் உயர்ந்தன. மூடக் கூடாது என்று உயர்ந்த கைகள் ஒன்றே ஒன்று அதிகம். அந்த ஒன்று யாருடையது என்று பார்த்தபோது மிளகாய்க்கு நம்ப முடியவில்லை. கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையைப் பாதி தூக்கியபடி முதல்வர் நின்றிருந்தார்.

"துறை இருக்கும். அடுத்த வருஷம் மறுபடி பாப்போம், அதுக்குள்ள பெஞ்சு நிரம்பணும்" என்றார் தலைவி. "பேராசிரியை இருக்கட்டும். நீ, பொண்ணே, மன்னிப்பு எழுதிக் குடு. மூலைய யாரும் சிமெண்ட் வச்சு அடைக்க வேண்டாம்."

மிளகாய் சோதனைக்கூடத்துக்கு ஓடினாள். மேடம் குழாயடியில் நின்று பலகையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மேடம், மூடல! நீங்க இருக்கீங்க!"

மேடம் குழாயை மூடினார். ஈரக் கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் சற்று நின்றார். முதல்முறையாகக் கல்லைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தார்.  

"குவார்ட்ஸ் சாம்பலா வந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"வந்துச்சு மேடம்."

மறுநாள் காலை முன்வாசலில் ஒரே நெரிசல். என்னவென்று பார்த்தால், யாரும் படியில் கால் வைக்கவில்லை. ஓரமாக இருந்த மண் சரிவில் ஒருவர் பின் ஒருவராக ஏறிக்கொண்டிருந்தார்கள். "நடங்கப்பா, எத்தனையோ பாரத்தத் தாங்கின கல்லு, உங்களத் தாங்காதா?" என்று வாட்ச்மேன் அண்ணன் கத்தினார். கத்தியவரும் மண்ணில்தான் நின்றிருந்தார். மிளகாய் படியின் முன் வந்து நின்றாள். வகுப்புக்கு நேரமாகிவிட்டது. குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலால் ஏறினாள். கல் குளிர்ந்திருந்தது.